கொண்டை வைத்த காவல்காரி

வரைபடத்தை மட்டும் திருடியிருந்தால் பெருசு மன்னித்திருப்பார். மச்சான் அவருடைய ஜோக்கையும் சேர்த்துத் திருடிவிட்டான்.

பெருசு என்றதும் பொக்கை வாயைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நாற்பத்தாறு வயதுதான். அவர் கம்ப்யூட்டர் நிரல் எழுதும் கம்பெனியில் மற்ற எல்லாரும் முப்பதைத் தாண்டாதவர்கள் என்பதால், சேர்ந்த சூட்டிலேயே அந்தப் பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. முடி கொட்டக் கொட்டப் பட்டமும் கச்சிதமாகப் பொருந்திவந்தது. மச்சான் அவர் மனைவியின் ஒரே தம்பி. வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனைச் சிபாரிசு செய்து அதே கம்பெனியில் சேர்த்துவிட்டவர் சாட்சாத் பெருசேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சும்மாவா சொன்னார்கள்.

நடந்தது இதுதான். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு இவர்கள் கம்பெனி நிரல் எழுதிக்கொண்டிருந்தது. ரத்தம் கொடுத்தவர், எக்ஸ்ரே எடுத்தவர், கட்டியைக் குத்திப் பார்த்தவர் எல்லாருக்கும் முடிவு ஃபோனிலேயே தெரிய வேண்டும். பழைய நிரலோ கந்தரகோலம். ஒரு நூலை இழுத்தால் மூன்று சட்டை பிரிந்துவரும். இதை எப்படிச் சீராக்குவது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்த பெருசுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து கை கழுவும்போது வழி பிறந்தது. ஈரக் கையோடு மார்க்கரை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் வெள்ளைக் கதவில் வரைய ஆரம்பித்தார். அன்றைக்குச் சாப்பிட வந்திருந்த மச்சான் பல் குத்தியபடி பக்கத்தில் நின்றான்.

"இங்க பாரு மச்சான். சர்வர்னு ஒண்ணு நாள் முழுக்க முழிச்சிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். யாராவது கதவைத் தட்டினா எழுந்திருக்கணும், வேலையை முடிக்கணும், மறுபடி படுத்துடணும். அப்படி எழுந்து வேலை செய்யறவன்தான் ஹேண்ட்லர்."

"சரி மாமா."

"இந்த ஹேண்ட்லரை வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி நடத்தணும். தண்ணி எங்க, தட்டு எங்கன்னு அவன் சமையல்கட்டுல போய் உருட்டக் கூடாது. டேட்டாபேஸ் வேணுமா, கையில கொடு. மெசேஜ் அனுப்பணுமா, அதுக்கானதைக் கையில கொடு. எங்கிருந்து வருது, யார் கொடுக்கறாங்கன்னுகூட மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். வேணுங்கறதை வெளியில இருந்து கொடுக்கறதுக்குப் பேருதான் டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்."

மச்சான் வாய்விட்டுச் சிரித்தான். "மாப்பிள்ளை கொடுத்துவச்சவன். வாசல்ல யாரு?"

"வாசல்ல மிடில்வேர்." பெருசு ஒரு பெண்ணை வரைந்தார். இரண்டு கையும் இடுப்பில். தலையில் ஒரு பெரிய கொண்டை. "இவளைத் தாண்டாம ஒருத்தனும் மாப்பிள்ளைகிட்டப் போக முடியாது. யாரு நீ, எதுக்கு வந்தே, செருப்பைக் கழட்டினியா, எல்லாம் கேட்பா. திரும்பிப் போறப்பவும் கையில என்ன எடுத்துட்டுப் போறேன்னு பார்த்துட்டுத்தான் விடுவா."

"மாமா, இது எங்க அக்காதானே?"

"மெதுவா பேசுடா. உள்ளதான் இருக்கா."

மச்சான் அந்தக் கதவை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டான். அழகாக இருக்கிறது என்றான். பெருசும் உச்சி குளிர்ந்துபோனார். மறுநாள் காலை மனைவி ஈரத்துணியால் கதவைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டாள்.

அந்த வாரமே மீட்டிங்கில் திரை முழுக்க அந்தப் படம் வந்தது. கலர் பூசி, கோடெல்லாம் நேராக்கி, கொண்டை மட்டும் அப்படியே. மச்சான் மேனேஜரம்மாவைப் பார்த்து, "ஹேண்ட்லர்ங்கறவன் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி மேடம்" என்று ஆரம்பித்தான். தண்ணி, தட்டு, சமையல்கட்டு, செருப்பு, ஒரு வார்த்தை சிந்தவில்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினான். அறையே குலுங்கியது. மேனேஜரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெருசும் சிரித்தார். சொந்தச் சரக்கை அடுத்தவன் விற்க, கூட்டத்தோடு நின்று பல்லைக் காட்டுவது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

எழுந்து நின்று அது என் படம் என்று சொல்லியிருக்கலாம். சாட்சி? குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிக்கொண்டா வர முடியும்? அதுவும் துடைத்த பெட்டி. வீட்டில் சொல்லலாமென்றால், மனைவியிடம் அவள் தம்பியைப் பற்றி ஒரு சொல் சொல்வதற்குப் பதில் பாம்புப் புற்றுக்குள் கையை விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டலாம்.

மீட்டிங் முடிந்ததும் மச்சான் அவர் தோளில் கையைப் போட்டான். "மாமா, நம்ம ஐடியா செம ஹிட்!"

அந்த 'நம்ம' பெருசின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அடுத்த மாதம் மச்சான், நிரலுக்கே திட்டம் போடும் ஆர்க்கிடெக்ட் ஆனான். பெருசு அவனுக்குக் கீழே வேலை பார்க்க ஆரம்பித்தார். ஆபீசில் எல்லாரும் மிடில்வேரைக் 'கொண்டை' என்றே கூப்பிட்டார்கள். "கொண்டை வேலை செய்யலை", "கொண்டையை ஒரு தடவை செக் பண்ணு" என்று நாள் முழுக்கக் காதில் விழும். ஒவ்வொரு முறையும் முள் கொஞ்சம் நகர்ந்து புது இடத்தில் குத்தும்.

பெருசு சாது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். இந்தச் சாது மிரண்டபோது காடு கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை. அவர் பாட்டுக்குக் குளித்தார், ஆபீஸ் போனார், வந்தார், சாப்பிட்டார். உள்ளே மட்டும் ஒரு கத்தி தீட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. மச்சானிடம் வேலைக்கு வேண்டிய பேச்சுக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. எப்போது விழுவான், எங்கே விழுவான் என்று பார்த்தபடி காத்திருந்தார்.

விழுந்தான்.

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்த்து 'சரி' போட்டால்தான் அது வெளியே போகும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவரே பெருசுதான். பரிசோதனைக் கூடத்துக்காரருக்குப் போட்டுக் காட்ட வேண்டிய நாளுக்குச் சில தினங்கள் முன்னால், மச்சான் தான் எழுதியதை அவருக்கு அனுப்பினான். "மாமா, கொஞ்சம் மெதுவா இருந்துச்சு, வேகத்தைக் கூட்டியிருக்கேன். சும்மா ஒரு சரி போட்டுடுங்க."

பெருசு படித்தார். ஒரு வரியில் கண் நின்றது.

அதைப் புரிந்துகொள்ள ஒரு லாட்ஜ் அறையை நினைத்துக்கொண்டால் போதும். எழுந்து வேலையை முடித்த ஹேண்ட்லர் உடனே தூங்கிப்போவதில்லை. கொஞ்ச நேரம் சூட்டோடு இருக்கும். அதற்குள் அடுத்த ஆள் வந்தால் அதே அறைதான் அவருக்கும். கட்டில், மின்விசிறி எல்லாம் அப்படியே இருக்கலாம், யார் வந்தாலும் கட்டில் கட்டில்தான். துண்டு மட்டும் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். நிரலிலும் அப்படித்தான். உள்ளே கொடுக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் 'ஒரே தடவை' என்றோ 'ஒவ்வொரு தடவையும்' என்றோ எழுத வேண்டும். டேட்டாபேஸ் கட்டில் மாதிரி. அது ஒரே தடவை. வந்திருக்கும் நோயாளி யார் என்ற விவரம் துண்டு மாதிரி. அது ஒவ்வொரு தடவையும் புதிது.

மச்சான் வேகத்துக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றுக்கும் 'ஒரே தடவை' என்று எழுதிவைத்திருந்தான்.

அதாவது, வாசலில் கொண்டைக்காரி பெயரைச் சரியாகத்தான் கேட்பாள். கேட்டுவிட்டு உள்ளே கொடுக்கும்போது முன்னால் வந்தவரின் துண்டையே எடுத்துக் கொடுத்துவிடுவாள். இரண்டாவதாக வருகிறவர், முதலில் வந்தவரின் ரிப்போர்ட்டைத் தன்னுடையது என்று நினைத்துப் பார்ப்பார். சோதனையில் இது மாட்டாது. சோதனைகள் ஒவ்வொன்றும் ஹேண்ட்லரைப் புதிதாக எழுப்பித்தான் ஆரம்பிக்கும். மச்சானோ எப்போது பார்த்தாலும் தன் பெயரிலேயே நுழைந்து பார்ப்பவன். தன் துண்டில் தானே துடைத்துக்கொள்பவனுக்கு என்ன தெரியும்?

பெருசு "இது தப்பு, நோயாளி விவரத்தை மட்டும்" என்று எழுத ஆரம்பித்தார். விரல் நின்றது. 'நம்ம ஐடியா' என்ற குரல் கேட்டது. எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். பிறகு 'சரி' போட்டார். பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படமும் வைத்தார்.

அன்றிலிருந்து பெருசு வேறு மனிதர். சாப்பாடு ருசித்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். திட்டம் ரொம்பச் சுலபம். வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் லேப்காரர் முதலில் தன் ஃபோனில் பார்ப்பார். எல்லாம் சரியாக இருக்கும், கைதட்டுவார்கள். அப்போது பெருசு பவ்யமாக, "மேடம், சூட்டோட சூடா நீங்களும் உங்க ஃபோன்ல ஒரு தடவை பாருங்களேன்" என்பார். மேனேஜரம்மா பார்ப்பார். லேப்காரரின் சர்க்கரையும் கொழுப்பும் மேனேஜரம்மாவின் ஃபோனில் வரும். அப்போது பெருசின் முகத்தில் என்ன இருக்க வேண்டும்? மகிழ்ச்சி கூடாது. அனுதாபம் வேண்டும். "அடடா" என்று சொல்லிப் பார்த்தார். கொஞ்சம் அதிகம். "ச்சே, என்ன மச்சான் இப்படி ஆயிடுச்சு" என்றார். இது பரவாயில்லை, ஆனால் கடைசியில் உதடு தானாக விரிந்துவிடுகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி சொன்னார். வெளியே மனைவி ஏதோ சொல்வது கேட்டது. "ம், ம்" என்று குழாயைத் திறந்துவிட்டார்.

உண்மையான நோயாளிகளுக்கு அதற்குள் திறந்துவிட மாட்டார்களா என்றால், மாட்டார்கள். மீட்டிங்கில் பார்த்து, லேப்காரர் தலையாட்டிய பிறகுதான் திறப்பது என்று பேச்சு. அடிபடப்போவது மச்சானின் மூக்கு மட்டும்தான். பழி வாங்குவதிலும் ஒரு நியாயஸ்தர் நம் பெருசு.

வெள்ளிக்கிழமை வந்தது. பெருசு நல்ல சட்டையாக எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மனைவி குளித்துவிட்டு ஈரத்தலையைக் கொண்டையாக முடிந்துகொண்டே வந்தாள்.

"என்னங்க, இன்னைக்கு ரிசல்ட் வந்துடும்னாங்க."

"என்ன ரிசல்ட்?"

"தோள்ல கட்டி இருக்குன்னு ஊசி போட்டு எடுத்தாங்களே, அது."

இஸ்திரிப் பெட்டி சட்டை மேலேயே நின்றது. "எந்தக் கட்டி?"

"சொன்னேனே."

"எப்ப சொன்னே?"

"பாத்ரூம் வாசல்ல நின்னு சொன்னேன். நீங்க உள்ள தனியா சிரிச்சிட்டிருந்தீங்க. 'ம், ம்'னு சொன்னீங்க. சரி, மனுஷனுக்கு என்ன சந்தோஷமோன்னு விட்டுட்டேன். தம்பிதான் கூட்டிட்டுப் போனான். சட்டை கருகுது பாருங்க."

பெருசு பெட்டியைத் தூக்கினார். சட்டைப் பையின் மேல் முக்கோணமாக ஒரு பழுப்புத் தழும்பு.

"எந்த லேப்?"

"உங்க லேப்தான். நம்ம ரெண்டாவது தெருக் கிளை. ஃபோன்லயே பார்த்துக்கலாமாம்."

"அது இன்னும் திறக்கலையே!"

"நம்ம கிளைக்கு மட்டும் இன்னைக்குக் காலையில திறந்துட்டானாம். தம்பி லேப்காரர்கிட்ட கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கான். அக்கா ரெண்டு நாள் கூடுதலாப் பயந்துட்டுக் கிடக்க வேண்டாம்னு." ஃபோனை எடுத்தாள். "இதோ, மெசேஜ்கூட வந்துடுச்சு."

"திறக்காதே!"

அந்த வீட்டில் பெருசு அவ்வளவு சத்தமாகப் பேசியதே கிடையாது. மனைவியின் விரல் அந்தரத்தில் நின்றது.

"அரை மணி நேரம். சொன்னா கேளு. கீழ வை அதை."

இவளுக்கு முன்னால் யாராவது பார்த்திருந்தால், அந்த ஆளின் துண்டு இவள் கைக்கு வரும். அந்த ஆளுக்கு ஒன்றுமில்லை என்றிருந்தால், இவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுவிட்டு ஃபோனை வைத்துவிடுவாள். இவளுடைய கட்டி அங்கேயே இருக்கும். அதற்கு யாரும் மருந்து கொடுக்க மாட்டார்கள். அதற்கெல்லாம் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படம் நிமிர்ந்து நிற்கும்.

மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். திருத்த வேண்டியது இரண்டே சொல்தான். 'ஒரே தடவை' என்பதை 'ஒவ்வொரு தடவையும்' என்று மாற்ற வேண்டும். மாற்றிவிட்டார். ஆனால் வெளியே போகவில்லை. இன்னொருவர் சரி போட வேண்டுமே. தான் கொண்டுவந்த சட்டம் தன் கழுத்தையே பிடித்தது. அந்த நேரத்தில் சரி போடும் அதிகாரம் உள்ள இன்னொரு ஆள் மச்சான் ஒருவன்தான்.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தட்டச்சு செய்துகொண்டே பேசினார்.

"மச்சான், ஒண்ணு அனுப்பியிருக்கேன். உடனே சரி போடு."

"மாமா! என்ன அதிசயம், நீங்களா ஃபோன் பண்றீங்க! மீட்டிங்குக்குக் கிளம்பிட்டிருக்கேன், அங்க வந்து..."

"இப்பவே போடு. உங்கக்கா ரிப்போர்ட் அதுலதான் வருது. நோயாளி விவரத்தை 'ஒரே தடவை'ன்னு வச்சிருக்கே. ரெண்டாவது ஆள் பார்த்தா முதல் ஆளோடது வரும்."

மறுமுனையில் நாற்காலி தள்ளப்படும் சத்தம். கொஞ்ச நேரம் விசைகளின் சத்தம் மட்டும்.

"ஐயையோ. ஆமா மாமா." மூச்சு வாங்கியது. "காலையில இருந்து ஒருத்தர்தான் பார்த்திருக்கார். முதல் ஆளு, அவரோடதுதான் அவருக்குப் போயிருக்கு. அடுத்து அக்கா பார்த்திருந்தா..." நிறுத்தினான். "அந்த ஆளோட ரிப்போர்ட் என்னன்னு பார்க்கவா?"

"பார்க்காதே. நமக்கு எதுக்கு அது? சரியைப் போடு."

"போடறேன், போடறேன். ஆமா மாமா, அன்னைக்கு நீங்கதானே இதைப் படிச்சீங்க? இதைப் பார்க்கலையா?"

இங்கே பெருசு பொய் சொல்லியிருக்கலாம். வயசாகிவிட்டது, கண் சரியில்லை, வரிகள் அதிகம். கையில் காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. எதிரே மனைவியின் ஃபோன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

"பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சரி போட்டேன்."

திரையில் மச்சானின் 'சரி' வந்து விழுந்தது. கட்டைவிரல் படம் இல்லை. நிரல் வெளியே போனது.

பெருசு நிமிர்ந்தார். சமையல்கட்டு வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் இடுப்பில். தலையில் ஈரக் கொண்டை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை.

"இப்ப பார்க்கலாம்" என்றார். குரல் எலிக்குஞ்சாக வந்தது.

"எனக்குத் தெரியும் எப்ப பார்க்கணும்னு. மீட்டிங்குக்குக் கிளம்புங்க" என்று ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பழுப்பு முக்கோணத்தைக் கோப்புறையால் மறைத்தபடி பெருசு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அமோகமாக நடந்தது. மாப்பிள்ளை ஜோக்குக்கு லேப்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "காலையில ஒரு சின்னப் பிழை இருந்துச்சு மேடம், பிடிச்சுட்டோம்" என்றான் மச்சான். பிடித்துவிட்டோமாம். சொல்லிவிட்டுப் பெருசை ஒரு பார்வை பார்த்தான். வாயைத் திறந்தால் உங்கள் வேலை போகும், திறக்க மாட்டேன், ஆனால் திறக்க முடியும் என்று அதற்கு அர்த்தம். பழி வாங்கப் போனவர் இப்போது எதிராளியின் பெருந்தன்மையைத் தூக்கிச் சுமந்தார். கழுதைக்கு அழுக்கு மூட்டை பரவாயில்லை, இந்த மூட்டை கனத்தது.

வீட்டுக்கு ஆறு முறை ஃபோன் செய்தார். எடுக்கவில்லை. கடைசியில் ஒரு மெசேஜ் வந்தது. 'சாயங்காலம் அவனையும் கூட்டிட்டு வாங்க.'

இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்தார்கள். மேசையில் சாப்பாடு தயாராக இருந்தது.

"ரிப்போர்ட் வந்துச்சாக்கா?" என்று செருப்பைக் கழற்றும் முன்பே மச்சான் கேட்டான்.

"வந்துச்சு."

"என்னன்னு?"

"கையைக் கழுவிட்டு உட்காரு."

உட்கார்ந்தார்கள். பரிமாறினாள். அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. பெருசு தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தார்.

"சொல்லேம்மா" என்றார்.

"சொல்றேன். தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருக்கறது எப்படி இருக்கும்னு எனக்கும் ஒரு ஆசை. மத்தியானத்துல இருந்து அப்படி இருந்து பார்க்கறேன்." அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். "வாயை மூடிட்டு இருக்கறது நல்லாத்தாங்க இருக்கு. நீங்க ஏன் பாத்ரூம்ல சிரிச்சீங்கன்னு இப்பதான் புரியுது."

பெருசு தலையைக் குனிந்துகொண்டார். மச்சானுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

"நீ என்னடா சிரிக்கறே? ப்ரமோஷன் கிடைச்சப்ப ஃபோன்ல ஒரு படம் காட்டினியே, 'அக்கா, நான் போட்டது'ன்னு. அதுல வாசல்ல நிக்கறது யாரு?"

"அது... மிடில்வேருக்கா."

"குளிர்சாதனப் பெட்டிக் கதவைத் துடைச்சவ நான். என் கொண்டை எனக்குத் தெரியாதா? இவர் வந்து சொல்வாரு, இல்ல நீ வந்து சொல்வேன்னு இத்தனை நாளாப் பார்த்தேன். ரெண்டு பேரும் கல்லுளிமங்கனுங்க. ஒருத்தன் திருடிட்டு வாயை மூடிட்டான், ஒருத்தர் திருட்டுக் கொடுத்துட்டு வாயை மூடிட்டாரு. நடுவுல யாரோ ஒரு நோயாளி. அது நானா இருந்ததால தப்பிச்சேன். வேற யாராவதா இருந்தா?"

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

"ஃபோனை எடுங்க ரெண்டு பேரும். உங்க மேடத்துக்கு எழுதுங்க. நீ திருடினதை நீ எழுது. நீங்க பண்ணினதை நீங்க எழுதுங்க. எழுதினதை மாத்திப் படிங்க. ஒருத்தர் எழுதினா இன்னொருத்தர் சரி போடணும், அதானே உங்க சட்டம்? போட்டதும் ரிப்போர்ட்டைக் காட்டறேன்."

"அக்கா, வேலை போயிடும்."

"போகட்டும். மாமாகிட்ட சொல்லி வேற எங்கயாவது சேர்த்துவிடச் சொல்றேன்."

எழுதினார்கள். இருவரும் ஃபோனை மாற்றிக்கொண்டார்கள். மச்சான் பெருசின் வாக்குமூலத்தை நெற்றியைச் சுருக்கிப் படித்தான். இவ்வளவு கவனமாக அவன் எதையும் படித்துப் பெருசு பார்த்ததில்லை.

"'கவனக்குறைவாக ஒப்புதல் அளித்துவிட்டேன்'னு எழுதியிருக்கீங்க மாமா. கவனமாத்தானே அளிச்சீங்க?"

பெருசு அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். சமையல்கட்டு வாசலில் மனைவியின் கை இடுப்புக்குப் போவது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஃபோனை வாங்கி, 'வேண்டுமென்றே' என்று மாற்றிக் கொடுத்தார்.

"இப்ப சரி" என்றான் மச்சான்.

இப்போது பெருசின் முறை. "'வரைபடத்துக்கான அடிப்படை யோசனையில் மாமாவின் பங்கும் உண்டு'. பங்கா? நான் என்ன உன்கூடக் கூட்டுவியாபாரமா நடத்தினேன்?"

மச்சான் திருத்தினான். 'வரைபடம் முழுவதும் மாமா போட்டது.'

"அப்புறம், ஜோக்கும்..."

"அது போதுங்க" என்றாள் மனைவி.

இரண்டு மெசேஜும் போயின. அவள் தன் ஃபோனை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். மச்சானின் கண் நேராக முடிவுக்குப் போனது. பெருசு முதலில் பெயரைப் பார்த்தார். வயதைப் பார்த்தார். மறுபடி பெயரைப் பார்த்தார். அவளுடைய பெயர்தான். அதற்குப் பிறகுதான் கீழே இறங்கினார்.

பயப்படும்படி எதுவும் இல்லை, சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று இருந்தது.

"எனக்கு இருந்த கொழுப்பு இவ்வளவுதானாம்" என்றாள் அவள். "உங்க ரெண்டு பேருக்கும் எடுத்துப் பார்த்தா எந்த லேப்லயும் இடம் பத்தாது."

பெருசு கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். கருகிய இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தார், நெடுநேரம். மச்சான் தட்டைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினான். அவள் எழுந்து இருவர் தலையிலும் ஆளுக்கொரு குட்டு வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

மச்சானின் ஃபோன் அதிர்ந்தது. மேனேஜரம்மா. 'திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க. நான் கோபமாக இருக்கிறேன்.' பின்னாலேயே இன்னொன்று வந்தது. 'படம் பெருசுடையது என்றால், அந்த மாப்பிள்ளை ஜோக்?'

பெருசு சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பிரமாதமாகக் காத்திருந்தார்.

மச்சான் அவரைப் பார்த்தான். சமையல்கட்டைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான். 'அதுவும் மாமாவுடையதுதான்.' அனுப்பும் முன், சட்டப்படி, ஃபோனை அவர் பக்கம் தள்ளினான்.

பெருசு கையை நன்றாகத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை நிதானமாக, இரண்டு தடவை படித்தார். பிழை ஏதும் இல்லை.

சரி போட்டார். பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படமும் வைத்தார்.